குமண பார்க்கப் போகிறவர்கள் எங்கே தங்குவது?

இலங்கையின் தென்கிழக்குக் கரையில் உள்ள குமண தேசிய பூங்காவின் வாசல் காலை 6 மணிக்குத் திறக்கும். உள்ளே தங்க அனுமதி எடுத்தவர்களைத் தவிர மற்ற எல்லோரும் மாலை 6 மணிக்குள் வெளியே வந்துவிட வேண்டும். தங்குமிடம் தேடும்போது இந்த இரண்டு நேரங்களையும் மனதில் வைத்துக்கொண்டே தேடுங்கள். சிறுத்தையும் கரடியும் வெயில் ஏறுமுன்னரும் பொழுது சாயும்போதும்தான் அதிகம் நடமாடும். வெயில் ஏறிவிட்டால் நிழலுக்குள் ஒதுங்கிவிடும். றூம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், ஏழரைக்கு வாசலுக்குப் போய்ச் சேர்ந்தால் வந்ததில் பாதி வீண். ஆகவே முதலில் மாதத்தைத் தீர்மானியுங்கள், பிறகு யார் யார் வருகிறார்கள் என்று பாருங்கள், பிறகு தூரத்தைக் கணக்குப் போடுங்கள். றூமின் படத்தைக் கடைசியில் பார்க்கலாம்.

வாசல் எங்கே, எத்தனை மணிக்குப் புறப்பட வேண்டும்

பூங்காவின் வாசல் உகந்தையில், முருகன் கோயிலுக்குக் கிட்ட இருக்கிறது. பொத்துவிலில் இருந்து தெற்கே அறுகம்பைப் பாலத்தைத் தாண்டி, ஊரவர்கள் உல்லை என்று சொல்லும் அறுகம்பையைக் கடந்து பாணமைக்குப் போக வேண்டும். பாணமைக்கு அப்பால் ஏறத்தாழ 15 கிலோமீற்றர் காட்டுப் பாதை. அதில் வேகம் எடுக்க முடியாது. எடுக்கவும் கூடாது, இருட்டில் யானை பாதையிலேயே நிற்கும்.

விடிய 6 மணிக்கு வாசலில் நிற்க வேண்டுமென்றால் புறப்படும் நேரம் இப்படி வரும். பாணமையில் தங்கினால் 5.15. அறுகம்பையில் தங்கினால் 4.45. பொத்துவில் நகரத்திலிருந்து 4.30. அக்கரைப்பற்றிலிருந்து 3.30. மட்டக்களப்பிலிருந்து வருகிறவர்கள் 2.30க்கே வாகனத்தில் ஏறியிருக்க வேண்டும். இவை வழியில் தேத்தண்ணீருக்கு நிற்காமல் போட்ட கணக்கு. பிள்ளைகளோடு போனால் எல்லாவற்றிலும் கால் மணித்தியாலம் கழித்துக்கொள்ளுங்கள். மட்டக்களப்பு, கல்முனைப் பக்கத்தவர்கள் "விடியப் போய்ப் பின்னேரம் திரும்பலாம்" என்று திட்டம் போடுவதுண்டு. போகலாம், ஆனால் வாசலுக்கு வரும்போதே எல்லோரும் நித்திரைக் கலக்கத்தில் இருப்பார்கள். சாரதிக்கும் அது ஆபத்து.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். 2006 செப்டெம்பர் வரை இந்தப் பூங்காவின் பெயர் யால கிழக்கு தேசிய பூங்கா. பழைய வரைபடங்களிலும் கட்டுரைகளிலும் இன்னும் அந்தப் பெயர்தான். அதைப் பார்த்துவிட்டு திஸ்ஸமகாராமையில் றூம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். திஸ்ஸ இருப்பது யாலவின் மறுபக்கத்தில். இடையில் கும்புக்கன் ஓயா, நம்முடைய யாத்திரிகர்கள் குமுக்கனாறு என்று சொல்லும் ஆறு, எல்லையாக ஓடுகிறது. சுற்றுலா வாகனம் அதைக் கடந்து வர வழியில்லை. மொனறாகலைப் பக்கமாகச் சுற்றி வர மூன்று மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும்.

மாதம்

சித்திரை தொடங்கி ஆடி வரை, குமண வில்லு என்ற ஆழமற்ற நீர்நிலையில் பறவைகள் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் காலம். மஞ்சள் மூக்கு நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன், பாம்புத்தாரா எல்லாம் கண்டல் மரங்களில் கூட்டமாக இருக்கும். குமண பார்க்க இதுதான் மிகச் சிறந்த காலம் என்று தயங்காமல் சொல்லலாம். ஆனால் வைகாசி முதல் புரட்டாதி வரை அறுகம்பைக்கு அலைச்சறுக்கு விளையாட வெளிநாட்டவர்கள் வந்து குவிவார்கள். ஆடி, ஆவணியில் றூம் வாடகை மற்ற மாதங்களைவிட மிக உயர்ந்து நிற்கும், வெள்ளி சனியில் இடமே கிடைக்காது. கூட்டமும் விலையும் பொறுக்காதவர்களுக்கு எங்கள் சிபாரிசு சித்திரை இறுதியும் வைகாசியும்.

ஐப்பசிக்குப் பிறகு குளிர்நாட்டிலிருந்து வலசை வரும் பறவைகள் சேரும். அதோடு வடகீழ்ப் பருவமழையும் வந்துவிடும். கார்த்திகை, மார்கழியில் பாணமை உகந்தைப் பாதையில் வெள்ளம் நிற்பது சாதாரணம், பூங்காவை மூடிவிடுவதும் உண்டு. அறுகம்பை விடுதிகளில் பலவும் அந்த மாதங்களில் பூட்டிக் கிடக்கும். அந்த நேரத்தில் போவதென்றால் பொத்துவில் நகரத்தில், ஆண்டு முழுவதும் திறந்திருக்கும் இடத்தில் தங்குங்கள். மழை அதிகம் என்றால் திரும்பிப் போகும் வழியாவது திறந்திருக்கும். முற்பணம் கட்டுமுன் பாதையும் பூங்காவும் திறந்திருக்கின்றனவா என்று கேட்டுவிடுங்கள்.

கதிர்காமப் பாதயாத்திரைக் காலத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். கதிர்காமக் கொடியேற்றத்தை ஒட்டி உகந்தையிலிருந்து காட்டுப் பாதையைக் குறிப்பிட்ட நாட்களுக்குத் திறந்துவிடுவார்கள். ஆயிரக்கணக்கானோர் உகந்தையில் கூடி, பூங்காவுக்குள்ளால் நடந்து போவார்கள். தொடர்ந்து உகந்தை மலை முருகன் கோயிலின் ஆடிவேல் விழா. இந்த நாட்களில் பாணமையில் வீட்டுத் திண்ணைகூட நிரம்பியிருக்கும். காட்டு விலங்கு பார்க்க மட்டும் வருகிறவர்கள் இந்தத் தேதிகளை விட்டு வேறு தேதி எடுங்கள். கோயிலையும் பூங்காவையும் சேர்த்துப் பார்க்க விரும்பும் குடும்பங்கள் கோயிலடி மடங்களில் ஓரிரவு கழிக்கலாம். மடத்தில் தங்கினால் மச்ச மாமிசம் பக்கத்திலும் வரக்கூடாது. வெறுந்தரையில் பாய் விரித்துப் படுக்கவும், வரிசையில் நின்று குளிக்கவும் ஆயத்தமாக வர வேண்டும்.

யார் வருகிறார்கள்

வயதானவர்கள் இருந்தால் கூடாரம் வேண்டாம். இரவில் எழுந்து இருட்டில் கழிப்பறைக்கு நடக்க வேண்டியிருக்கும், காட்டில் அது சிறிய விஷயமில்லை. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் இருந்தால் பின்னேரச் சவாரி மட்டும் போதும். இரண்டரைக்கு உள்ளே போய் ஆறுக்கு வெளியே வந்தால் அவர்களால் தாங்க முடியும். விடிய எழும்பத் தேவையில்லாததால் பொத்துவிலிலோ, இன்னும் வடக்கே கோமாரி, திருக்கோவில் பக்கத்து உறவினர் வீட்டிலோ தாராளமாகத் தங்கலாம். பறவைக்காகவும் படம் எடுக்கவும் வருகிறவர்கள் பாணமைக்கு வடக்கே தங்கவே வேண்டாம்.

வாடகை வானில் வருகிறவர்கள் மறக்கும் ஆள் ஒருவர் இருக்கிறார், வான் சாரதி. அவருக்குப் படுக்க இடமும் இரவுச் சாப்பாடும் உண்டா என்று விடுதியில் கேளுங்கள். வானுக்குள் நுளம்புக்கடியில் படுத்தவர் மறுநாள் நூற்றைம்பது கிலோமீற்றர் ஓட வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து வரும் சொந்தக்காரர்களுக்கு ஒரு சொல். பூங்காவில் இலங்கையருக்கு ஒரு கட்டணம், வெளிநாட்டவருக்கு அதைவிடப் பல மடங்கு. தமிழ் கதைப்பதால் உள்ளூர் ரிக்கெற் கிடைக்காது, தேசிய அடையாள அட்டை வேண்டும். இரட்டைக் குடியுரிமை எடுத்தவர்கள் அட்டையைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு வராமல் கையோடு கொண்டு வாருங்கள்.

இடங்கள்

1985 முதல் 2003 வரை போரினால் மூடியிருந்த பூங்கா இது. யாலவில் போல வாசலடியில் ஹோட்டல் வரிசை இங்கே இல்லை. இருக்கிற தெரிவுகளை வாசலிலிருந்து வெளிநோக்கிச் சொல்கிறோம்.

பூங்காவுக்கு உள்ளேயே தங்குவதென்றால் வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் பங்களாவோ, கும்புக்கன் ஓயாக் கரை போன்ற இடங்களில் ஒதுக்கிய முகாம் இடமோதான். இரவில் காட்டின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுப்பதற்கு ஈடாக வேறு எந்த விடுதியும் இல்லை. பதிவு பத்தரமுல்லைத் தலைமையகம் ஊடாகவோ இணையவழியிலோ நடக்கும். வாசலில் வந்து கேட்டால் கிடைக்காது. நீண்ட வார இறுதிகளும் பாடசாலை விடுமுறையும் பதிவு திறந்தவுடனேயே முடிந்துவிடும், வார நாட்களை முயன்று பாருங்கள். பற்றுச்சீட்டை அச்சடித்து வைத்துக்கொள்ளுங்கள், உகந்தையில் போன் சிக்னலை நம்ப முடியாது. பதிவு செய்தவரே அடையாள அட்டையோடு வருவது நல்லது. பங்களாவுக்குக் கட்டும் பணத்தோடு நுழைவுக் கட்டணமும் வாகனக் கட்டணமும் வேறாகச் சேரும்.

வாசலுக்கு வெளியே, உகந்தை பாணமைக்கு இடையில், தனியார் கூடார முகாம்கள் உண்டு. சாப்பாடும் ஜீப்பும் சேர்த்து ஒரே விலை சொல்வார்கள், செலவு கூடத்தான். கேட்க வேண்டியவை மூன்று: கழிப்பறை கூடாரத்தோடு சேர்ந்ததா, இரவில் காவலுக்கு ஆள் உண்டா, சொன்ன விலைக்குள் பூங்கா ரிக்கெற் அடங்குமா. மூன்றாவதுக்கு "இல்லை" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும்.

பாணமை எங்கள் முதல் தெரிவு. சிங்களமும் தமிழும் கலந்து வாழும் பழைய கிராமம். வீட்டோடு சேர்ந்த சில அறைகள், சிறிய கெஸ்ட் ஹவுஸ்கள், அமைதியான இரவு. அங்கே கடைகள் குறைவு. இரவுச் சாப்பாடு வேண்டுமானால் மத்தியானத்துக்கு முன் சொல்லிவிட வேண்டும், எட்டு மணிக்குப் போய்க் கேட்டால் பிஸ்கட்தான். பாணமையிலேயே ஜீப்காரர்கள் இருக்கிறார்கள், அந்தப் பாதையில் எந்த வளைவில் யானை நிற்கும் என்று அறிந்தவர்கள். காசு எடுப்பது, பெற்றோல் நிரப்புவது, மருந்து வாங்குவது எல்லாவற்றையும் பொத்துவிலிலேயே முடித்துக்கொண்டு வாருங்கள்.

அறுகம்பையில் எல்லா விலைக்கும் றூம் கிடைக்கும். கடலும் குளிக்கலாம், பிள்ளைகளுக்கும் பொழுது போகும். இரண்டு இடத்தில் ஏமாறுவார்கள். ஒன்று, விளம்பரத்தில் அறுகம்பை என்று போட்டிருந்தாலும் இடம் பொத்துவில் முனையிலோ விஸ்கி பொயின்ற் பக்கத்திலோ இருக்கும். அவை பொத்துவில் நகரத்துக்கு வடக்கே, வாசலுக்கு எதிர்த்திசையில். "பாலத்துக்குத் தெற்கா, வடக்கா?" என்று ஒரே கேள்வியில் கண்டுபிடித்துவிடலாம். இரண்டு, ஆனி முதல் ஆவணி வரை பிரதான வீதியில் நடுச்சாமம் தாண்டியும் பாட்டுச் சத்தம் இருக்கும். விடிய நாலுக்கு எழும்ப வேண்டியவர்கள் வீதியைப் பார்த்த அறையைத் தவிர்த்து, பின்பக்க ஒழுங்கையில் எடுங்கள்.

பொத்துவில் நகரம் செலவு குறைந்தது. வங்கி, சந்தை, ஆதார வைத்தியசாலை, பஸ் நிலையம் எல்லாம் கைக்கெட்டும். சுகவீனமான ஒருவர் கூட வந்தால் இதைவிடப் பாதுகாப்பான இடம் இல்லை. லகுகல தேசிய பூங்காவையும் பார்க்க நினைப்பவர்களுக்கும் இது நடு இடம். ஆனால் லகுகல ஊடாக சியம்பலாண்டுவை போகும் வீதியில் இருட்டிய பின் ஓட வேண்டாம். அந்தி சாயும்போது யானைகள் வீதியைக் கடக்கும். மொனறாகலைப் பக்கத்தால் வருகிறவர்கள் ஐந்து மணிக்குள் பொத்துவிலை அடைந்துவிடுங்கள்.

அம்பாறை நகரத்தில் தங்கிக் குமண பார்க்கலாமா என்று பலர் கேட்பார்கள். தூரம் ஒத்துவராது. அம்பாறை நல்லது கல் ஓயா தேசிய பூங்காவுக்கு. அங்கே பெரும்பாலும் சேனாநாயக்க சமுத்திரம் என்ற பெரிய நீர்த்தேக்கத்தில் படகில் போய்ப் பார்ப்பது. படகு ஏறும் இங்கினியாகல அம்பாறையிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீற்றர்தான். இரண்டு பூங்காவையும் பார்ப்பதென்றால் ஓரிரவு அம்பாறை அல்லது இங்கினியாகல, இரண்டு இரவு பாணமை என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

பங்களா, முகாமுக்குக் கொண்டு போக வேண்டியவை

உள்ளே கடை இல்லை. பங்களாக்களில் சமைத்துத் தரப் பணியாளர் இருப்பார், பொருட்கள் நம்முடையவை. படுக்கை விரிப்பு, நுளம்பு வலை, விளக்கு இவற்றில் எது அங்கே இருக்கிறது என்று பதிவின்போதே கேளுங்கள். ஆறு பேர் ஓரிரவு தங்க, மூன்று நேரச் சாப்பாட்டுக்கு இந்த அளவு சரியாக வரும்: அரிசி 2 கிலோ, பருப்பு அரைக் கிலோ, தேங்காய் 4, வெங்காயம் ஒரு கிலோ, முட்டை 12, பாண் 3, கருவாடு அரைக் கிலோ, உப்பு, தூள், எண்ணெய், தேயிலை, சீனி. தண்ணீரில் மட்டும் குறை வைக்காதீர்கள்: குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு 5 லீற்றர். ஆறு பேருக்கு இரண்டு பகலும் ஓரிரவும் என்றால் 60 லீற்றர், அதாவது 20 லீற்றர் கான் மூன்று. போத்தல் போத்தலாக வாங்கினால் செலவும் குப்பையும் கூடும். ஒவ்வொருவருக்கும் ஒரு டோர்ச்.

கூடாரத்துக்குள் பழம் வைக்காதீர்கள். வாழைப்பழம், மாம்பழம், பலாப்பழ வாசம் யானையை வெகு தூரத்திலிருந்து இழுத்து வரும். தலையணைக்குப் பக்கத்தில் வாழைச்சீப்பை வைத்துப் படுப்பது உயிரோடு விளையாடுவது. பகலில் குரங்குகள் சோற்றுச் சட்டியையே தூக்கிக்கொண்டு போகும், எல்லாப் பொருளும் மூடியுள்ள பெட்டியில் இருக்க வேண்டும். ஆற்றில் முதலை உண்டு. பணியாளர் காட்டும் இடத்தைத் தவிர வேறெங்கும் இறங்கக் கூடாது. உள்ளே சேரும் குப்பையை அப்படியே திரும்பக் கொண்டு வாருங்கள். பொலித்தீனை வீட்டிலேயே கழற்றி, டப்பாக்களில் மாற்றிக்கொண்டால் குப்பை குறையும்.

றூம் பேசும்போது

போனில் பேசியதை மறந்துவிடுவார்கள், அல்லது பேசிய ஆள் அன்றைக்கு இருக்கமாட்டார். பேசி முடித்தவுடன் எல்லாவற்றையும் ஒரே வட்ஸ்அப் செய்தியாக அனுப்பி, "சரி" என்று பதில் வாங்கிய பின்னரே முற்பணம் போடுங்கள். செய்தி இப்படி இருக்கலாம்:

"வணக்கம் அண்ணன். போனில் கதைத்தபடி 14ஆம் திகதி இரவு ஒன்று, பெரியவர் நாலு, பிள்ளை இரண்டு. ஏசி றூம் ஒன்று, பேன் றூம் ஒன்று, பின்பக்கம். சாரதிக்குப் படுக்க இடம். 15ஆம் திகதி விடிய 4.45க்கு ஜீப் கேற்றடிக்கு வர வேணும், அரைநாள். ஜீப் காசு வேறு, பூங்கா ரிக்கெற் நாங்களே எடுப்போம். ஆறு பேருக்கும் இடியப்பப் பார்சல் முதல்நாள் இரவே தந்துவிடுங்கோ. இதில் மாற்றம் ஏதும் உண்டா?"

இதில் இருக்கும் ஒவ்வொரு வரியும் ஒரு தகராறைத் தடுக்கிறது. ஜீப் வாடகை வாகனத்துக்கு, தலைக்கு இல்லை. ஆறு பேருக்கு மேல் ஏற்றினால் நடுவில் இருப்பவர் ஒன்றும் பார்க்கமாட்டார். விடுதிச் சமையலறைகள் ஏழுக்கு முன் திறப்பது குறைவு, சொல்லி வைக்காவிட்டால் மத்தியானம் வரை வெறும் வயிறுதான். சொந்தமாக நாலு சக்கர இழுவை உள்ள வாகனம் இருந்தால் அதிலேயே போகலாம், சாதாரண வானையும் காரையும் விடுதியில் நிறுத்திவிடுங்கள்.

போய் இறங்கியவுடன், பெட்டியை அவிழ்க்குமுன் ஐந்து நிமிடம் செலவழித்துப் பாருங்கள். நுளம்பு வலையை விரித்து, வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்தால் ஓட்டை தெரியும். குழாயைத் திறந்து ஒரு வாய் கொப்பளியுங்கள். கரையோரக் கிணறுகள் சிலவற்றில் உவர்நீர், குளிக்கச் சவர்க்காரம் நுரைக்காது, குடிக்க வேறு தண்ணீர் வாங்க வேண்டும். கரண்ட் போனால் ஜெனரேட்டர் உண்டா, அது ஏசிக்கும் ஓடுமா, விளக்குக்கு மட்டுமா என்று கேளுங்கள். விடிய நாலரைக்கு முன்கேற்றைத் திறக்கிறவர் யார், திறப்பு யாரிடம் என்பதையும் அன்று இரவே கேட்டு வைக்க வேண்டும். பூட்டிய கேற்றுக்கு உள்ளே நின்று காவலாளியைக் கூப்பிட்டுக்கொண்டே அரை மணித்தியாலம் போவது அடிக்கடி நடக்கிறது.

அரைநாள் சவாரி முடிந்து அறுகம்பைக்குத் திரும்ப மத்தியானம் ஆகிவிடும். விடுதியில் அறையை ஒப்படைக்கும் நேரமோ வழக்கமாகப் பத்து அல்லது பதினொன்று. விடியப் புறப்படும்போதே பெட்டிகளைக் கட்டி வரவேற்பறையில் வையுங்கள். திரும்பி வந்து குளிக்க ஒரு குளியலறை மட்டும் தரும்படி முதல்நாளே கேட்டுக்கொள்ளுங்கள். அநேகமாக இலவசமாகவே தருவார்கள். கேட்காமல் விட்டால் இன்னொரு நாள் வாடகை கேட்கவும் கூடும்.